சுளுக்கு

ஆகஸ்ட் முழுக்க என் படகு
இடப்பக்கம் மட்டும்தான் திரும்பியது.
வலப்பக்கம் ஒடித்தால் பாதியில் நின்றுகொள்ளும்,
ஸ்டீயரிங்கில் என் முழு எடையும் தொங்கும்.
நாங்கள் போக வேண்டிய துறையோ வலப்பக்கம்.

செவ்வாய்தோறும் செவிலி யாஸ்னா
தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்பாள்:
"ஏன் தீவையே சுற்றுகிறோம், ஒர்ஃபேலினா?"
"காட்சி பார்க்க" என்பேன்.
சிலோயே மழையில் என்ன காட்சி.

ஞாயிறன்று மழை சற்றே ஓய்ந்த நேரம்
கரையேற்றி
எஞ்சினையும் கேபிளையும் பிணைக்கும் கம்பியைக் கழற்றினேன்.
இருவரையும் தனித்தனியே விசாரித்தால்தான்
உண்மை வெளிவரும்.
எஞ்சினை ஒரு விரலால் தள்ளினேன்.
இடம். வலம். இடம்.
தொட்டில்கூட அவ்வளவு லேசாக ஆடாது.
மூன்று வாரமாக இதைத்தான் திட்டினேன்,
செய்து அனுப்பிய கம்பெனியையும் சேர்த்து.

பிறகு ஸ்டீயரிங். அசையவில்லை.
ஆக, குற்றம் கேபிளில்,
இல்லையென்றால் கேபிளின் முனைத்தண்டு போய்வரும்
அந்த ஒரு முழக் குழாயில்.
கேபிள் என்றால், காஸ்த்ரோ கடைக்காரன் சொன்ன விலைக்கு
ஆறு மூட்டை உருளைக்கிழங்கு.
குழாய் என்றால் என் கையே போதும்.
எந்தப் புனிதரையும் கூப்பிடவில்லை,
மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன்.

யோசித்தால் தடயம் இருந்திருக்கிறது.
காலையில் இறுகும்.
என்றைக்காவது வெயில் அடித்தால் நடுப்பகலில் கொஞ்சம் இளகும்.
துரு வெயிலுக்கு இளகாது.
அப்புறம் நாய்.
மோத்தே ஜூலையிலிருந்தே
எஞ்சினின் கழுத்தை நக்கிக்கொண்டிருந்தது,
எத்தனை முறை துடுப்பை ஓங்கியிருப்பேன்.

மரச்சுத்தியலால் தட்டத் தட்ட
தண்டு ஒரு நகக்கண் அளவு நகர்ந்தது.
இன்னொரு நகக்கண்.
பிறகு சட்டென்று முழுசாக என் மடியில்.
மேலெல்லாம் வெள்ளையாக, மெழுகாக உறைந்து ஏதோ.
மோந்து பார்த்தேன்.
பன்றிக்கொழுப்பு.

ஜூனில் கொழுந்தன் நோல்பெர்த்தோ
படகை இரவல் வாங்கிப் போனான்,
அவன் மாமனார் வீட்டில் பன்றி அறுத்த வாரம்.
அங்கே எல்லாமே கொழுப்பில்தான் மிதந்திருக்கும்,
கிழங்கு அடை, ரொட்டி, வாய்ச்சண்டை.
கிரீஸ் தீர்ந்திருக்கும்.
வாங்கிய பொருளை வறண்டு திருப்பித் தரக்கூடாதென்று
ஒரு கரண்டி அப்பிவிட்டான், மகராசன்.
போனில் கேட்டேன்.
"ஜனவரியில் தானாகச் சரியாகிவிடும், அண்ணி" என்றான்.

குச்சியில் துணி சுற்றி
குழாயைத் துடைத்தேன், துணி வெளுப்பாக வரும்வரை.
தண்டை உள்ளே இழுத்துவைத்த பிறகே
நீல கிரீஸை ஏற்றினேன்.
நீட்டிவைத்து ஏற்றினால் அதுவே அடைத்துக்கொள்ளும்.
மோத்தே வந்து முகர்ந்தது,
தும்மியது,
என்னை ஏமாற்றுக்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனது.

செவ்வாய்.
பழைய பழக்கத்தில் முழு எடையையும் கொடுத்து ஒடித்தேன்.
படகு வலப்பக்கம் வெட்டித் திரும்பியதில்
யாஸ்னா பெட்டியைக் கட்டிக்கொண்டு சரிந்தாள்.
எழுந்து உட்கார்ந்து
தீவின் மறுபக்கத்தையே பார்த்தாள்.
"அந்தக் கறுப்புக் கழுத்து அன்னங்கள்?
போன வாரம் பதினாலு எண்ணினேன்."

பெட்டியில் பனிக்கட்டி கரைகிறது,
வரும்போது பார்க்கலாம் என்றேன்.