நாலு மணிப் பிழை

ஆஷ்பரோவில் எப்போதும் மழை.
வீட்டுக்குள்ளும் பெய்யும்.
கூரைக்குக் கணக்கு எழுதியவன் அன்றைக்கு லீவு போல.
கார் ஓட்டினால் கரும்பு லாரி மாதிரி
ஸ்டியரிங் ஒரு பக்கம், சாலை ஒரு பக்கம்.
ஷெரிஃப் பாதி உடம்பு சுவருக்குள் நிற்க
"நம்ம ஊரில் எல்லோரும் நல்லவர்கள்" என்பார்.
துப்பறிய வந்தவள் பெண்.
இருமினால் ஆண் குரல்.

டொங்காட் சந்தையில்
மிளகாய்த்தூள் கடைக்கும் செல்போன் உறைக் கடைக்கும் நடுவே
நூற்றிருபது ராண்டுக்கு வாங்கிய டிஸ்க்.
அட்டை கிடையாது. மேலே மார்க்கரில்
"காலினுடையது, தொடாதே."

தொட்டேன்.
பகலெல்லாம் மோதி நசுங்கிய கார்களை
மோதவே இல்லை என்பதுபோல் தட்டி நிமிர்த்துகிற பிழைப்பு எனக்கு.
ராத்திரி, கரண்ட் இருக்கிற இரண்டு மணி நேரம்,
தம்பி ருவேஷனும் நானும்
ஒரே போர்வைக்குள் அந்த ஊரில் இருந்தோம்.
கொலைகாரன் யாரென்று கடைசியில் தெரியும்.
தெரியாமலே இருந்திருக்கலாம்:
மருந்துக்கடைக்காரனின் இரட்டைப் பிறவியாம்,
அதுவரை ஊரில் அப்படி ஒருவன் கிடையாது.
சிரித்துச் சிரித்து ருவேஷனுக்கு விக்கல்.

ஆனால் மிசஸ் வெண்டல்.
முதல் அத்தியாயத்திலேயே அவள் மகளை
ஏரியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.
கறுப்பு உடையில் அடக்கம் முடித்து வருகிறாள்.
அன்றைக்கே நாலு மணிக்குப்
பள்ளிக்கூட கேட்டுக்கு நடக்கிறாள்.
கைக்கு ஒரு சாண் தள்ளி
குடை தானாக மிதந்து வருகிறது.
மணி அடிக்கிறது. யாரும் வருவதில்லை.
"இன்று சீக்கிரம் விட்டுவிடுவார்கள்" என்று
காற்றிடம் சொல்லிவிட்டுத் திரும்புகிறாள்.
மறுநாளும்.
அதற்கு மறுநாளும்.

துப்பு என்று நினைத்தேன்.
பதினொரு சாயங்காலம் மரத்துக்குப் பின்னால் நின்று
நோட்டில் குறித்தேன்.
"அக்கா, அது மிச்சம் விழுந்த கோடு" என்றான் ருவேஷன்.
"பெண் செத்துப்போனதை
இவளிடம் சொல்ல மறந்திருக்கிறான்."

கோகி ஆன்ட்டியிடம் யாரும் மறக்கவில்லை.
போலீஸ் சொன்னது, கோயிலில் சொன்னார்கள்,
சொந்தத் தங்கையே வாய்விட்டுச் சொன்னாள்.
வெருலத்துக்கு டாக்ஸி ஏறிய தேவஷ்னி
ஏழு வருஷமாக இறங்கவில்லை.
நாலுக்குக் கால் மணி இருக்கும்போது
கைப்பையை அக்குளில் இடுக்கி
ஸ்டாண்டில் வந்து நிற்பாள்.
"டர்பன் டர்பன்" என்று தொண்டை கிழியக் கத்துகிற பையன்
அவளைக் கடக்கும்போது மட்டும்
குரலை இறக்கிக்கொள்வான்.
நிழல் விழும் இடத்தில்
எந்த வண்டியும் நிறுத்துவதில்லை.

ஜூலையில் எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்தது.
கரும்புக்காட்டுக்குத் தீ வைத்த நாள்,
கொடித் துணியெல்லாம் கறுப்புத் தூவல்.
அப்டேட் தயார் என்றது திரை.
நானும் சரி என்று அழுத்தித் தொலைத்தேன்.

மழை வாசலோடு நின்றது.
ஷெரிஃப் சுவரிலிருந்து வெளியே வந்தார்.
இருமல் பெண் குரலில், இனிமையாகக்கூட.
நாலு மணிக்கு மிசஸ் வெண்டல்
வீட்டு நாற்காலியில், மடியில் படம்,
கன்னத்தில் அளவெடுத்து ஒரு துளி.
"பாரேன், எவ்வளவு அழகாகச் சரி பண்ணியிருக்கிறான்!"

துப்பறிகிறவளைப் பள்ளிக்கூட கேட்டுக்கு நடத்திப்போனேன்.
மணி அடித்தது.
நிற்பதற்கு நான்தான் இருந்தேன்.

கேபிளைப் பிடுங்கினேன்.
எல்லாவற்றையும் அழித்துவிட்டு
காலினின் டிஸ்க்கை மறுபடி செருகினேன்.
நாற்பது மணி நேர ஆட்டம் போயிற்று.
திரும்ப முதல் அத்தியாயம், திரும்ப அதே ஏரி,
ஹாலுக்குள் சோவென்று மழை.
தூரத்தில், கையைவிட்டு விலகி, ஒரு குடை.

நிமிர்த்திக் கொடுத்தே சோறு தின்கிறவள்தான்.
இந்த ஒரு நசுங்கல் இருக்கட்டும்.
பிழை என்றால் பிழை.
பிழைத்துப் போகட்டும்.

"நெட்டை எப்போ திருப்பிப் போடுவே?" என்றான்.
நாலு மணி தாண்டட்டும் என்றேன்.