ழ-வுக்கு எண்பது டாலர்

திரையில் பதினொரு ஜன்னல்கள்.
சுவரில் ஒன்றே ஒன்று:
பாசிர் பாஞ்சாங் கிரேன்கள்
ராத்திரி மழையில் கழுத்தை நீட்டி நிற்கின்றன.

முதல் ஜன்னல் கடல்.
கப்பல்களெல்லாம் பச்சை முக்கோணங்கள்.
ஒன்றின்மேல் அம்பை வைத்தால் பெயர் சொல்லும்,
நீரில் எத்தனை மீட்டர் அமிழ்ந்திருக்கிறதென்று சொல்லும்,
என்றைக்குக் கரை சேருமென்றும் சொல்லும்.
"அதை மட்டும் நம்பாதே" என்பார் முதலாளி தியோ.
என் முக்கோணம் கொழும்பில்
இரண்டு நாள் சும்மா கிடந்தது.
யாரோடும் பேசாமல் நானும் கிடந்தேன்.

அடுத்தது தீர்வை அட்டவணை.
தேங்காய் என்று தட்டினால்
எந்தத் தேங்காய் என்று திருப்பிக் கேட்கும்.
துருவி உலர்த்தியதா? உள்ளோட்டோடு இருப்பதா?
இரண்டும் இல்லாத வேறா?
பிள்ளையார் முன் சிதறுகிற காயும்
சட்னியில் அரைபடுகிற காயும்
அதற்கு ஒரே எண்.
சண்டை இல்லாத இடம்.

ரூபாய் நெளிகிற ஜன்னல் ஒன்று.
எந்தத் துறைமுகத்துக்கு என்றைக்கு விடுமுறை என்று ஒன்று;
பொங்கலுக்குத் தூத்துக்குடி போனால்
சீனப் புத்தாண்டுக்கு நாங்கள் போவோம்,
நடுவே கிடைப்பது கொஞ்ச நாள்.
மற்றவற்றைச் சொல்ல நேரமில்லை.
வங்கியிலிருந்து மடல் வந்துவிட்டது.

பொள்ளாச்சி மகிழம்பூ ஏற்றுமதி நிறுவனம்.
எல்சியில் அதன் நடுவில் எல்.
விலைப்பட்டியலில், மூலச் சான்றிதழில்,
கப்பல் ரசீதில் இசட் எச்.
இருவரும் ஒருவரே என்பதற்கு என்ன ஆதாரம்
என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

பழைய விண்ணப்பத்தைத் தோண்டினேன்.
நவம்பர், மாலை ஆறு பத்து.
தட்டச்சு செய்தவர்: நான்.

அடையாள அட்டையில் நான் கயல்விலி.
சம்பளச் சீட்டில் கயல்விழி.
தியோவுக்குக் காயா,
அதாவது ரொட்டியில் தடவுகிற தேங்காய் ஜாம்.
மூன்று பெயருக்கும் இதே நாற்காலி,
எவரும் ஆதாரம் கேட்டதில்லை.

விதிகளைத் தேடினேன்.
இரவு பதினொன்றுக்குக் கிடைத்தது:
பொருள் மாறாத எழுத்துப்பிழையை வங்கி பொறுக்கலாம்,
உதாரணம் ஓர் இயந்திரம்.
சிவப்புக் கோடிட்டு அனுப்பினேன்.
காலையில் நொராய்னி எழுதினாள்:
"இயந்திரம் சரி, மிஸ் கயல்வில்லி.
இது பணம் வாங்குபவரின் பெயர்."

அங்கே மணி ஆறரை.
நாச்சிமுத்து களத்திலிருந்து பேசினார்.
காய் உரிக்கிற சத்தம் முதலில் கேட்டது, அப்புறம் அவர்.
"எங்கூர்ல பாதிப் பேரு மகிளம்பூன்னுதானுங்க அம்மிணி சொல்றாங்க.
அதுக்கெல்லாமா காசு புடிப்பாங்க?"

பிடிப்பார்கள்.
"ஓக்கே லா" என்று தியோ கையெழுத்திட்டார்,
முரண்பாட்டை ஏற்கிறோம் என்ற தாளில்.
எண்பது டாலர், நாச்சிமுத்துவின் தொகையிலிருந்து.
தாளை நீட்டியவள் நான்.
யார் தட்டியது என்று தியோ கேட்கவில்லை.
நானும்.

கப்பல் புதன்கிழமை வந்தது,
முக்கோணம் சொன்னதற்கு ஏழு மணி நேரம் பிந்தி.
காய்கள் நன்றாக இருந்தன.

மதியம் யாருமில்லாதபோது
பன்னிரண்டாவது ஜன்னலைத் திறந்தேன்.
என் கணக்கிலிருந்து எண்பது.
அனுப்பும் கட்டணம் தனி. சரி.
நோக்கம் என்ன என்றது. "இதர" என்றேன்.
பெறுபவர் பெயர் என்று
ஒரு வெள்ளைக் கட்டம் வந்தது.
பாஸ்புத்தகத்தில் எப்படியோ, அப்படியே எழுதவும்.

எம், ஏ, ஜி, ஐ வரை வந்துவிட்டேன்.