நாலு ஊக்கு

சிப்காட், மூன்றாவது கேட், பி ஷிஃப்ட்.
ஆறு மில்லிமீட்டர் எஃகு வடம்:
நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி ஆறு,
ஆறைச் சுற்றிப் பன்னிரண்டு.
நுனியைக் குழலுக்குள் விட்டு மிதியை மிதித்தால்
பிரஸ் ஒரு தடவை பெருமூச்சு விடும்.
அவ்வளவுதான் என் வேலை.

பாய்மரத்தை நிற்க வைப்பது இதுதானாம்.
ஷ்ரவுட் என்று பில்லில் போட்டிருக்கும்.
சேர்ந்த புதிதில் போனில் அர்த்தம் பார்த்தேன்:
பிணத்தைப் போர்த்தும் கோடித் துணி.
மேல்விஷாரம் ஷமீம்தாஜ் "கஃபனா?" என்று
இரண்டு நாள் அந்தப் பெட்டியைத் தொடவில்லை.

கடல் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல்.
எங்களுக்கு வாய்த்தது பாலாறு,
அதில் லாரித் தடம்தான் ஓடும்.
மரம் தானாக நிற்காதா என்று கேட்டேன்.
சூப்பர்வைசர் ஏகவல்லி பேனாவை மேசைமேல் நிறுத்தி
நாலு பக்கமும் நூலால் இழுத்துக் காட்டினாள்.
"இவன் அவனை விடமாட்டான், அவன் இவனை விடமாட்டான்.
நடுவில் இருப்பவன் நிமிர்ந்து நிற்பான்."
எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரி என்றேன்.
அங்கே நடுவில் யாரும் நிற்கவில்லை.

அடுத்த ஆடியில் புகார் வந்தது.
எங்கோ ஒரு படகில் மரம் சாய்ந்துவிட்டது.
உயிருக்கு ஒன்றுமில்லை, ஒருவருக்குத் தோள் மட்டும்.
வடத்தின் எண்ணைத் தேடினார்கள்:
கார்த்திகை, வியாழன், பி ஷிஃப்ட், நான்.

அந்த வியாழன் பாலாற்றில் தண்ணீர் வந்த நாள்.
டீ நேரத்தில் பாதிப் பேர் பாலத்துக்கு ஓடினார்கள்.
நான் ஓடவில்லை.
மிதியை மிதித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன்,
செம்மண் நிறத்தில் அது
பாலத்தின் கால்களைப் பிடித்து இழுப்பதை.

பன்னிரண்டு நாள் சோறு இறங்கவில்லை.
துணி உலர்த்தப் போனால்
கொடிக்கம்பியை ஒருமுறை சுண்டிப் பார்ப்பேன்.
வலது தோளா, இடதா?
யாரிடம் கேட்பது.

ரிப்போர்ட் வந்தது.
வடம் அறவில்லை. குழல் வழுக்கவில்லை.
இரண்டரை டன் வரை இழுத்தும் முனகவில்லையாம்.
கீழே, படகின் ஓரத்தோடு பூட்டும் இடத்தில்
ஆணி கழன்று விழாமல் செருகுகிற சின்னப் பின்,
செருகி மடக்கிவிட்டால் போதும்,
அதை யாரோ மறந்திருக்கிறார்கள்.

ஏகவல்லி லட்டு வாங்கி வந்தாள். தின்றேன்.
காட்பாடி வரை பஸ்ஸில்
அந்த மறந்த ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார்.
அவரும் அந்த நேரம்
ஏதாவது தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

என் தாலிச்சரட்டில் எப்போதும் நாலு ஊக்கு கிடக்கும்.
கேட்டிருந்தால் ஒன்றைக் கழற்றிக் கொடுத்திருப்பேன்.