கழித்த பிறகு

பகலில் மின்வாரியத்துக்காக எண்களை வாசிப்பவன் நான்.
கோட்டையூரில் பூட்டிய வீட்டுக்கும் மீட்டர் உண்டு.
இரண்டு மாதத்துக்கு நான்கு யூனிட்:
காவல்காரரின் ஒற்றை பல்பு.

இரவில் சொந்தக் கணக்கு.
சோப்புப் பெட்டிக்குள் ஒரு பழைய ரஷ்யக் குழாய்,
நானூறு வோல்ட்,
செத்துப்போன ரேடியோவின் ஸ்பீக்கர்.
செம்மண்ணில் வைத்தால் நிமிடத்துக்கு இருபத்து நான்கு சொடுக்கு.
முகப்பில் கருங்கல் தூணோரம் முப்பத்தொன்பது.
பிளக் இருப்பது தூணோரம்தான்.
கல்லுக்கும் கொஞ்சம் பேச்சு உண்டு,
அதைக் கழித்துவிட வேண்டும்.
கழித்த பிறகும் மிஞ்சினால்
அது வெளியூர்.

ஏதோ பாலைவனத்தில், பெயரில்லாத தீவில்
எவனோ வெடித்துவிட்டு வாயை மூடிக்கொள்ளலாம்.
மேலே போன தூசி மூடாது.
வாரக்கணக்கில் காற்றில் அலைந்து
மழையோடு இறங்கிக் காட்டிக்கொடுக்கும்.
பதினொரு வருடம் இதற்காகத்தான்
ஒரு குயர் நோட்டுகள் ஆறு.

ஐப்பசி பதினேழு, இரவு எட்டு பத்து.
ஓட்டுத் தண்ணீரை அண்டாவில் பிடித்துக்கொண்டிருந்தாள் பூரணம்.
தகரத்தில் தேங்கியதைக் காகிதத்தில் ஒற்றி
குழாய்க்கு அடியில் வைத்தேன்.
நூற்று முப்பத்தொன்பது.
ஸ்பீக்கரில் கடுகு வெடித்தது.

"இந்தத் தண்ணி சோத்துக்கு ஆகுமா, கொட்டிரவா?"
அரை மணி பொறு என்றேன்.
"அரை மணியில தண்ணி திருந்திருமா?"

திருந்தும்,
நம் மண்ணிலிருந்தே கிளம்பிய ரேடானின் பிள்ளைகள் என்றால்.
அரை மணிக்கொரு தரம் பாதியாகிவிடும்.
குண்டுத் தூசிக்கு அந்த அவசரம் கிடையாது,
நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.
நடுவில் அண்டா, இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் நான்,
சுவரில் கடிகாரம்.

எட்டு நாற்பதுக்குத் தொண்ணூற்று ஒன்று.
ஒன்பது பத்துக்கு அறுபத்து மூன்று.
என் வார்த்தைக்குக் காத்திராமல்
பூரணம் எப்போதோ உலை வைத்திருந்தாள்.

உலகத்தில் எங்கும் எதுவும் வெடிக்கவில்லை.
எனக்கு வந்தது நிம்மதி இல்லை.
சே, என்றிருந்தது.
பந்தயத்தில் தோற்றவன் சீட்டைக் கிழிப்பது போல
அந்த ஈரக் காகிதத்தைக் கசக்கினேன்.
இதற்கு நோட்டில் கட்டம் இல்லை.

சாப்பிட்டோம். சோறு நன்றாகத்தான் இருந்தது.

விடியற்காலை நான்கு மணி,
கசக்கியதைப் பிரித்து மறுபடி வைத்தேன்.
நாற்பத்து இரண்டு.
முப்பத்தொன்பது என்பது எப்போதும் ஆறு கூடும், ஆறு குறையும்.
மூன்று என்பது ஒன்றுமே இல்லை.
தெரியும்.
பேனாவை மூடிவிட்டு
பென்சிலால் எழுதினேன்.