வலது கால்

சீட்டுக்காசு முழுவதையும் எடுத்து
பன்னிரண்டு மணித்தியாலம் வாங்கினேன்.
லாண்ட்மாஸ்ரருக்கு முற்பணம் கட்டியிருக்கலாம்
என்றாள் சுகிர்தமலர்.
கட்டியிருக்கலாம்தான்.

இது ஏழாவது மணித்தியாலம்.
பலாலியில் ஏறி, மயிலிட்டிக்கு மேலே
மூவாயிரத்து ஐந்நூறு அடி.
இடம் ஒருமுறை, வலம் ஒருமுறை சுற்றிப் பார்த்தோம்,
வேறு யாரும் வானத்தில் இல்லையென்று.
ஒரு பருந்து இருந்தது.
அது எங்களைக் கணக்கெடுக்கவில்லை.

முதலில் வேகத்தைக் குறை.
பிறகு திரொட்டிலை முழுதாகத் தள்ளு.
மூக்கைத் தூக்கு.
இன்னும்.
கடல் கண்ணாடிக்குக் கீழே வழுக்கிப் போகிறது
சீமெந்து ஆலையின் புகைபோக்கி போகிறது
பிறகு வெறும் வெயில்.

இருபது வருடமாய்ச் சுன்னாகத்தில்
தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறேன்.
காதால்தான் பிழை பிடிப்பேன்:
வால்வு தட்டுவது, எண்ணெயில் தண்ணீர் கலந்தது,
வெங்காயத் தோட்டத்து நடுவில் மூச்சு முட்டி நிற்பது.
இந்த எஞ்சினில் ஒரு பிழையும் இல்லை.
நாலு சிலிண்டரும் சுத்தம்.
முழு விசையில்
நாங்கள் விழப்போகிறோம்.

செட்டையின் விளிம்பில் சின்னத் துளை,
அதற்குள் ஒரு நாக்கு.
காற்று அதை உறிஞ்ச முதலில் முனகல்,
பிறகு, நாயனத்தில் செருகுமுன்
சீவாளியைத் தனியே வாயில் வைத்துப் பார்ப்பார்களே
அந்தச் சத்தம்.

பிடி கையில் தளர்கிறது,
தண்ணீருக்குள் விட்ட அகப்பை மாதிரி.
கால்மிதிக்கு மட்டும் இன்னும் உயிர் இருக்கிறது,
காற்றாடி வீசுவது வாலில் படுவதால்.
வைக்கோல் கண்ட மாடாக
மூக்கு இடப்பக்கம் இழுக்கிறது.

"வலது கால், அண்ணா"
என்கிறாள் காப்டன் செவ்வந்தி.
மாத்தறைக்காரி.
எனக்காகப் பழகிவந்த தமிழ் அவ்வளவுதான்.

மிதித்தேன். போதாது.
இருக்கைக்குக் கீழே கிறவல் ரோட்டு ஓடியது.
பிறகு இடது செட்டை போனது.

படியென்று நினைத்து வைத்த காலுக்குக் கீழே
படி இல்லை.
பக்கக் கண்ணாடி முழுக்கச் செம்மண்,
கூரையில்லாத ஒரு வீடு,
அதன் கிணற்றில் காசளவு வெளிச்சம்.

கை தன்பாட்டில் வலப்பக்கம் திருப்பப் போனது.
சரிந்த சைக்கிள்களை நிமிர்த்திய கை அது.
திருப்பினால் இன்னும் கெடும் என்று
மூன்று இரவு படித்திருந்தேன்.
கை படிக்கவில்லை.
செவ்வந்தி என் மணிக்கட்டை
இரண்டு விரலால் தொட்டாள்.

இழுத்துப் பிடித்திருந்ததை
ஒரு அங்குலம் முன்னுக்கு விட்டேன்.
வலது காலை அழுத்தினேன்.
காற்று செட்டையில் திரும்ப ஏறியது.
கடல் தன் இடத்துக்கு வந்தது.
நூற்றெண்பது அடி போயிருந்தது.
அவள் விரலைச் சுழற்றிக் காட்டினாள்:
இன்னொரு தரம்.

பின்னேரம் கடையில்
பம்பை இறக்கிவைத்துக் குணரெத்தினம் கேட்டான்,
"மேல எஞ்சின் நிண்டதாமே?"
"நிக்கேல்லை. நல்லாத்தான் ஓடிச்சு."
"பிறகேன் விழுந்தது?"

கையைச் சரித்துக் காட்டினேன், கொஞ்சம் கூடச் சரித்து.
அவன் நம்பவில்லை.
பம்பின் மூடியைக் கழற்றினேன்.
வாங்குக்கு அடியில் என் வலது கால்
எதையோ அழுத்திக்கொண்டே இருந்தது.