ஈடு

இந்த மாதம் வங்கியில் சமைக்கிறார்கள்.
போன மாதம் மூடிக்கிடந்த நீச்சல்குளத்தில்,
ஆறடி ஆழம் என்று எழுதிய இடத்தில் மேசை போட்டு.
அதற்கு முன்பு ஒரு சலவைக்கடை;
சோப்புத்தூள் வாசம் கடைசிவரை ரொட்டியை விடவில்லை.
ஐந்து சமையல்காரர்கள், ஒற்றை அடுப்பு,
அதற்கும் சக்கரம்.

டண்டீ மழை குடைக்கு மேலே பெய்யாது,
பக்கவாட்டில் வந்து சேரும்.
பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டுச் சீருடையோடே வந்தேன்.
கதவைத் தள்ளியதும் கால் நின்றுவிட்டது.
அதே பச்சைக் கம்பளம்.
வரிசை நின்று நின்று தேய்ந்த அதே தடம்.

பதினோரு வருடம் முன்பு
இங்கேதான் மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தேன்.
பழைய தபால் வேன் ஒன்று விலைக்கு வந்திருந்தது.
துறைமுக வாசலில் விடிகாலையில் சூப் விற்க
நீலத்தில் வரவு, சிவப்பில் செலவு,
எட்டுப் பக்கம்.
அதிகாரி நல்லவர்தான், தண்ணீர்கூடக் கொடுத்தார்.
"சூப்புக்கு ஈடாக எதை வைப்பீர்கள்?" என்றார்.
கரண்டியை, என்று சொல்லியிருக்கலாம்.
தெருமுனை திரும்பும்போதுதான் தோன்றியது.

அவர் மேசை இருந்த மூலையில்
இன்று எனக்கு நாற்காலி.

நோட்டுகள் நுழைந்த கண்ணாடிச் சன்னலின் கீழ்ப்பிளவு வழியே
தட்டுகள் வருகின்றன.
தட்டையானது மட்டுமே வர முடியும் என்பதால்
இஷ்பெல் சமையலையே தட்டையாக்கிவிட்டாள்:
ஓட்ஸ் ரொட்டி, புகையில் வாட்டிய ஹாடக் மீன்,
தெஸ்ஃபாயின் இஞ்சேரா, காசோலைபோல் நாலாக மடித்து.
எரித்ரிய மாவின் புளிப்பும் வடகடல் மீனின் புகையும்
நாக்கில் சந்தித்துக் கைகுலுக்கவில்லை,
நேராகக் கட்டிக்கொண்டன.
பார்லி சூப் மட்டும் சுற்றுவழியில், கையில் வந்தது.

இனிப்பு பெட்டக அறையில்.
ஒரு சாண் கனமுள்ள இரும்புக் கதவு
வாய் பிளந்து கிடக்க, உள்ளே
ருபார்ப் கிண்ணங்கள், காவலுக்கு ஒருவருமில்லை.
ஆளுக்கு ஒன்று என்று எழுதியிருந்தது.
இரண்டு எடுத்தேன்.
பதினோரு வருட வட்டி.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து என்ன.
நான் ஒரு வேனை, ஒரு வாசலை
ஆயுள் முழுக்கக் கேட்டேன்.
இவர்கள் ஒரு மாதம் கேட்கிறார்கள்.
ஒரு மாதத்தை மறுக்க யாருக்கும் மனம் வருவதில்லை.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம்;
இவர்களை நினைக்க
மாதாமாதம் வழி கேட்க வேண்டும்.

பணம் கட்டும் இடத்தில் அந்தப் பேனா,
இன்னும் சங்கிலியோடு.
பிடுங்கிப் பார்த்தார்களாம், வரவில்லை.
ஏதாவது எழுதுங்கள் என்றான் தெஸ்ஃபாய்.
'மீன் பிரமாதம். சூப்புக்கு மிளகைத்
தொடக்கத்திலேயே தட்டிப் போட்டிருக்க வேண்டும்.'
அதற்குமேல் சங்கிலி எட்டவில்லை.

தலைகீழாகவே படித்தான்.
எங்கள் அனேத்தா பிரசவத்துக்குப் போகிறாள், என்றான்.
அடுத்த மாதம் பழைய மீன் ஏலக்கூடம்.
புதன்கிழமைகள் காலி. நாற்பது பேர்.
சூப் உங்களுக்கு வருமா?

கோப்பு கேட்கவில்லை.
முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை,
கையில் ஈரத்துணி, கண் அடுப்பில்.
"புதன் எனக்கு இரவுப் பணி" என்றேன்.
பொய்யில்லை.
"சரி" என்று தட்டு துடைக்கப் போய்விட்டான்.

மழை அதே கோணத்தில் நின்றுகொண்டிருந்தது.
நாற்பது பேர்.
ஆளுக்கு ஒன்றரைத் தண்டு என்றால் அறுபது லீக்ஸ்.
வெண்ணெய் தனி.
பாலம் ஏறும்போது பார்லியைக் கூட்டினேன்,
இறங்கும்போது எலும்பை.
பணி மாற்றிக்கொள்ள டூகலைக் கேட்கலாம்.
அவன் எனக்கு
ஒரு கிறிஸ்துமஸ் பாக்கி.