திருத்திய வரைபடம்

மூக்கையூருக்கு நான் போனது
அச்சடித்த வரைபடத்தோடு.
இரண்டு வகுப்பறை, ஒரு தாழ்வாரம்,
இருபதுக்கு இருபது.
கடலாடி ஒன்றியம் முழுக்க
அதே சுவர், அதே நீலம்.

"உட்காரப் போறது அதுக.
ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க சார்"
என்றார் பூரணச்செல்வி டீச்சர்.
ஜீப் ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார்.
பத்து நிமிஷம் என்றேன்.

பத்து நிமிஷத்தில்
டேப் என் கையில் இல்லை.
டேப் எட்டாத இடத்துக்குத் தங்கூசி நரம்பு,
சுண்ணாம்பு தீர்ந்த இடத்தில் மட்டிச் சிப்பி.
மணலில் ஒரு பள்ளிக்கூடம் படுத்துக் கிடந்தது,
கூரை மட்டும்தான் பாக்கி.

கதவை நான் மேற்கே வைத்திருந்தேன்.
ஏழாம் வகுப்புக் கிறிஸ்மேரி
பாதி தின்ற கொடுக்காப்புளியோடு
தாளைத் தலைகீழாகப் பிடித்துச் சிரித்தாள்.
"ஆனி ஆடியில கச்சான் அடிச்சா
இந்தக் கதவு வழியாப் பாடமா சார் வரும்?
மணலுல்ல வரும்."
கணக்கு நோட்டை விரித்துக் காட்டினாள்.
தையல் இடுக்கில்
போன வருஷத்து மணல்
இன்னும் விடை தெரியாமல் இருந்தது.

கதவு கிழக்கே போனது.

மூன்றாம் வகுப்பு டெலிக்ஸ்
பழைய கட்டடச் சுவரோரம் குந்தி
தன் கண் மட்டத்தில் கோடு கிழித்தான்.
சன்னல் இங்கிருந்து தொடங்கணுமாம்.
எம்பிப் பார்த்தால்தானே அடி விழும்,
உட்கார்ந்தபடியே தெரிந்தால்
யார் என்ன சொல்ல?

தட்டுக் கழுவின தண்ணி போய்ச் சேர
ஒரு முருங்கை கேட்டார்கள்.
தகரக் கூரை வேண்டாம்,
மழையில் டீச்சர் பேசுவது கேட்காது என்றான் ஒருவன்.
அதுக்காகவே வேணும் என்றார்கள் நாலு பேர்.
டீச்சர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜெபாஸ்டின் கேட்டது ஒரு மூலை.
"தூங்க சார். முதல் பீரியட் மட்டும்."
யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன்.
மூணு மணிக்கே அப்பாவோடு கடலுக்குப் போய்
ஏழுக்குக் கரையேறுகிறவன் என்பது
என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது எனக்கும் கொஞ்சம் உற்சாகம்.
"தெற்கே பெரிய சன்னல் வைக்கிறேன்,
கடல் முழுசாத் தெரியும்" என்றேன்.
ஓவென்று கத்தினார்கள்.
சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்து
எட்டாம் வகுப்பு அமலோற்பவி சொன்னாள்:
"எனக்கு
கடல் தெரியாத பக்கம் வேணும்."

பக்கத்திலிருந்தவள்
அவள் தாவணி முனையிலிருந்த நெருஞ்சியை
ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.
டெலிக்ஸ் தானாகவே எழுந்து
சிப்பியால் வடக்குச் சுவரில்
ஒரு சதுரம் போட்டான்.

திரும்பும் வழியில் ஓட்டுநர்
"அந்தப் பிள்ளையோட அப்பா" என்று ஆரம்பித்தார்.
சாயல்குடி வரை
ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொன்னேன்.

இராமநாதபுரத்திலிருந்து கோப்பு
சிவப்பு மையோடு வந்தது.
சன்னல் உயரம்: விதியில் இல்லை.
மூலை: நோக்கம் தெளிவில்லை.
முருங்கை: தோட்டக்கலைக்கு எழுதவும்.
கதவு பிழைத்தது.
வடக்குச் சன்னலும் பிழைத்தது.
அதற்கு நான் காரணம் எழுதியிருந்தேன்,
'வடக்கு வெளிச்சம் கண் கூசாது' என்று.
பொய்யில்லை.

இறுதி அளவெடுக்கப் போனது
அடுத்த பங்குனியில்.
வடக்குச் சன்னல்,
நாலடிக்கு மூன்றரை.
அதற்கு வெளியே கருவேலம்,
ஒரு தண்ணீர்த் தொட்டியின் பாதி,
கட்டின கயிற்றை மென்றுகொண்டு ஓர் ஆடு.
சன்னலோரப் பெஞ்சில்
அவள் பூமிப்படத்துக்கு நிறம் அடித்துக்கொண்டிருந்தாள்.
கடல் எல்லாம் வெள்ளையாகவே இருந்தது.

இரும்புப் பீரோவைச்
சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்திருந்தார்கள்.
பின்னால் விரித்த சாக்கு,
சாக்கின் மேல் இரண்டு பாதம்,
உலர்ந்த உப்போடு.

பொத்தானை அழுத்தினால்
பட்டென்று சுருண்டு வந்து அடிக்கும் டேப் அது.
அன்றைக்கு
விரலால் பிடித்துப் பிடித்து
உள்ளே விட்டேன்.